வைக்கோலும் வாழைச்சேனையும்

ஒட்டுசுட்டான் என்னும் ஊர்ப்பெயருக்கு வன்னி மக்கள் கூறும் விளக்கம் ஒன்றுண்டு. குரக்கன் கதிரைக் கொய்தெடுத்த பின்னர் நிலத்திலே எஞ்சி நிற்கும் தாளுக்கு ஒட்டு என்று பெயர். முன்னொரு காலத்தில் உழவன் ஒருவன் தன் நிலத்தில் நின்ற அவ்வொட்டுக்குத் தீயிட்டான். சுட்ட இடத்திலே, தீயால் வேவாத சிவலிங்கம் ஒன்று வெளிப்பட்டது. அதுவே இன்றைய தான்தோன்றீசுவரர் ஆலயத்தின் மூலம் என்பர். இக்கதையை வரலாற்றாசிரியர் எவ்வாறு மதிப்பிடினும், அதனுள்ளே ஐயத்துக்கு இடமில்லாத செய்தி ஒன்று பொதிந்திருக்கிறது. கதிரை வீட்டுக்குக் கொண்டுசெல்வதும், தாளைத் தீக்குக் கொடுப்பதும் இப்பகுதி உழவர்க்கு வழிவழி வந்த வழக்கம். கிழக்கிலே, மட்டக்களப்புக்கு வடக்கேயுள்ள வாழைச்சேனையின் பெயரை நோக்குங்கள். அங்கும் சேனை நிற்கின்றது. காட்டை வெட்டி, வெட்டியதை எரித்து, சாம்பல் படிந்த மண்ணிலே விதைப்பது சேனைப் பயிர்ச்செய்கை. ஆக, இரண்டு ஊர்களும் தம் பெயரிலேயே தீயைத் தாங்கியவை.

அந்த வாழைச்சேனையிலேதான், தீக்கென்று ஒதுக்கப்பட்ட தாளைக் கொண்டு எழுதுதாள் செய்யும் ஆலை ஒன்று 1950களின் நடுப்பகுதியில் எழுந்தது. கிழக்கிலங்கைக் காகித ஆலைக் கூட்டுத்தாபனம் என்பது அதனை நடத்திய அரச நிறுவனத்தின் பெயர். அதன் தலைவராகப் பணியாற்றியவருள் ஒருவர் கே. சி. தங்கராஜா. யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்த ஈழநாடு பத்திரிகையின் நிறுவனர் என்றால் நேயர்களிற் பலர் அவரை உடனே அறிந்துகொள்வர். காகிதம் செய்யும் ஆலையை மேற்பார்த்தவரும், காகிதத்திலே செய்தியை அச்சிட்டு வீடுதோறும் சேர்த்தவரும் ஒருவரே என்பது வியப்புக்குரிய பொருத்தம். புலவர்களைப் பற்றியும் அரசியற் றலைவர்களைப் பற்றியும் நம்மிடையே பேச்சுக்குக் குறைவில்லை. ஆலை நடத்தியவனின் தொழில் வாழ்வைப் பற்றி நாம் பேசுவது அரிது. ஆலையிலே இயந்திரம் இருக்கிறது, கணக்கு இருக்கிறது, அதிலே வரலாறு எங்கே இருக்கிறது என்று கேட்பாருமுளர். அவர்கள் சற்றுப் பொறுமையோடு செவிசாய்க்க வேண்டுகிறேன்.

காகிதம் என்ற சொல்லும் கடதாசி என்ற சொல்லும் நம்முடையவை அல்ல. முன்னது பாரசீக, அரபு வணிகர் வழியாகவும், பின்னது போர்த்துக்கேயர் வழியாகவும் வந்தன என்பர். ஓலையில் எழுதிய நமக்கு அப்பொருள் கடல் கடந்தே வந்தது. ஒல்லாந்தர் 1737 இல் கொழும்பிலே அச்சுக்கூடம் நடத்தினர். அமெரிக்க மிசனரிமார் மானிப்பாயில் அச்சுக்கூடம் வைத்தனர். 1841 இல் உதயதாரகை வெளிவந்தது. ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிலே தம் அச்சுக்கூடத்தை நிறுவி நூல்களைப் பதிப்பித்தார். எழுத்து நம்முடையது, அறிவு நம்முடையது, உழைப்பும் நம்முடையது. ஆனால் தாள் மட்டும் கப்பலில் வந்தது. கப்பல் தவறினால் அச்சகம் ஓய்ந்தது. இந்தத் தங்கிநிற்றல் நூறாண்டுக்கு மேலாக யாருக்கும் உறுத்தவில்லை.

உறுத்தியது போர்க்காலத்திலே. இரண்டாம் உலகப் போரில் கப்பற் போக்குவரத்து அருகியபோது, இலங்கை அரசாங்கம் ஒட்டுப்பலகை, கண்ணாடி, தோல், மட்பாண்டம், காகிதம் முதலியவற்றைச் சிறு அளவிலே தானே உற்பத்தி செய்ய முனைந்தது. அப்போது கைத்தொழில், வணிகப் பொறுப்பை வகித்த அமைச்சர் கிளோட் கொறேயா. அவசரத்திலே தொடங்கப்பட்ட அந்த ஆலைகளிற் பல, போர் முடிந்து பிறநாட்டுப் பண்டம் மீண்டும் வந்திறங்கியதும் மூச்சுத் திணறின. ஆயினும் ஒரு பாடம் எஞ்சியது. காகிதத்தை இங்கே செய்யலாம். எதிலிருந்து செய்வது என்பதே வினா.

காகிதம் என்றவுடன் காடு நினைவுக்கு வருகிறது. வன்னியிலே காட்டுக்குக் குறைவா என்று கேட்கத் தோன்றும். முதிரை, பாலை, கருங்காலி, வீரை என்று பெயர்பெற்ற மரங்களெல்லாம் நம் காட்டில் நிற்பவை. முதிரைப் பலகை பிறநாட்டு மாளிகைகளுக்கு அணியாயிற்று. பாலை மரம் புகையிரதப் பாதையின் சிலிப்பர்க் கட்டையாயிற்று. ஆனால் இவை காகிதத்துக்கு ஆகா. நோர்வேயிலும் கனடாவிலும் உள்ள காட்டிலே ஒரே இன ஊசியிலை மரங்கள் மைற்கணக்காக நிற்கின்றன. அவற்றின் நார் மூன்று மில்லிமீற்றர் நீளமும் அதற்கு மேலும் உடையது, நிறமும் வெளிறியது. நம் உலர்வலயக் காட்டிலோ ஓர் ஏக்கரில் பல இன மரங்கள் கலந்து நிற்கும். ஒவ்வொன்றும் வெவ்வேறு கடினம், வெவ்வேறு நிறம், நாரும் குறுகியது. இரும்பைப் போன்ற பாலையை அவித்துக் கூழாக்க முயல்வது, அரிவாளை அவித்துக் கறியாக்க முயல்வது போலாகும்.

காட்டை அரசாங்கம் நோக்கிய நோக்கும் மாறி வந்தது. 1882 இல் சென்னை மாகாணக் காட்டிலாகாவைச் சேர்ந்த வின்சென்ற் என்பவர் இலங்கைக் காடுகளைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். சேனைப் பயிர்ச்செய்கையும் கட்டுப்பாடற்ற மரம் வெட்டலும் காட்டை அழிக்கின்றன என்பது அவ்வறிக்கையின் முடிபு. 1885 இல் காட்டுச் சட்டம் பிறந்தது. 1887 இல் காட்டிலாகா தனித் திணைக்களமாயிற்று. 1907 இல் புதிய சட்டம் வந்தது. சேனைக்காரன் அன்று தொடக்கம் குற்றவாளியாகப் பார்க்கப்பட்டான். அதே ஆட்சி, கோப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் மலைநாட்டுக் காட்டை ஆயிரக்கணக்கான ஏக்கராக அழித்துக் கொடுத்ததையும் உடன் வைத்துப் பார்த்தாலன்றி அக்கணக்கு நேராகாது. அது நிற்க.

காடு ஆகாதென்றால் வேறெது? இவ்வினாவுக்கு மேனாட்டிலும் ஒரு பழைய விடை இருந்தது. சீனத்துச் சாய் லூன் கி. பி. 105 இல் மரப்பட்டை, கந்தை, பழைய வலை ஆகியவற்றைக் கொண்டு காகிதம் செய்தான் என்பது மரபு. ஐரோப்பியர் நூற்றாண்டுகளாகக் கந்தைத் துணியையே நம்பியிருந்தனர். கந்தை தட்டுப்பட்ட காலத்தில், 1800 ஆம் ஆண்டில், மத்தியாஸ் கூப்ஸ் என்பவர் இலண்டனில் வைக்கோற் காகிதத்திலே ஒரு நூலை அச்சிட்டு அரசனுக்குக் காணிக்கையாக்கினார். பின்னர் பெரியதோர் ஆலையையும் கட்டினார். ஆலை சில ஆண்டுகளுக்குள்ளே நொடித்தது. ஆனால் நூல் இன்றும் நூலகங்களில் இருக்கிறது. 1850களின் பிற்பகுதியில் தோமஸ் றௌட்லெட்ஜ் எஸ்பாட்டோ என்னும் புல்லிலிருந்து நல்ல காகிதம் செய்து காட்டினார். யேர்மனியிலே கெல்லர் 1844 இல் மரத்தை அரைத்துக் கூழாக்கும் வழியைக் கண்டதன் பயனாக, பிற்காலத்தில் மரக்கூழ் மலிந்தது; மலிந்ததும் உலகம் புல்லையும் வைக்கோலையும் மறந்தது. காடில்லாத நாடுகளே அவற்றை நினைத்துக்கொண்டிருந்தன.

இந்தியாவில் அந்த நினைவைத் தம் வாழ்நாட் பணியாக்கிக்கொண்டவர் வில்லியம் றெயிற். காட்டிலாகாவும் காகித ஆலையும் ஒருவரிடத்தே கைகோத்துக்கொண்டதற்கு அவரே சிறந்த எடுத்துக்காட்டு. தேராதூனிலிருந்த காட்டு ஆராய்ச்சி நிலையத்திலே கூழியல் நிபுணராக இருந்து, மூங்கிலையும் புல்லையும் அவித்துக் கூழாக்கும் முறையை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தார். மூங்கிற் கூழ் பற்றிய அவர் அறிக்கை 1912 இல் வெளிவந்தது. ஆராய்ச்சியின் முழுப்பயனையும் 1931 இல் ஒரு நூலாக்கினார். அவர் கண்ட உண்மை எளிது. புல்லிலுள்ள மாப்பொருளையும் பசைப்பொருளையும் முதலில் மெல்லிய காரநீரால் நீக்கிவிட வேண்டும். அதன் பின்னரே வலிய காரநீரிட்டு உள்ளிருக்கும் கடினப் பொருளைக் கரைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கொதியில் முடிக்கப் பார்த்தால் காரமும் வீண், நாரும் கெடும். நம் வீட்டுப் பெண்கள் கசப்புக் கிழங்கை முதல் நீரில் அவித்து அந்நீரைக் கொட்டிவிட்டு மறுநீரில் அவிக்கும் முறைதான் இது. 1925 இல் இந்திய அரசு மூங்கிற் காகிதத் தொழிலுக்குப் பாதுகாப்பு வரிச் சட்டம் இயற்றியபோது, அதற்குப் பின்னணியில் இத்தகைய ஆராய்ச்சி நின்றது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1948 இல் அமைச்சரவையிற் சேர்ந்து கைத்தொழில், கைத்தொழில் ஆராய்ச்சி, கடற்றொழில் ஆகிய துறைகளை ஏற்றவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம். 1953 வரை அப்பதவியில் இருந்தார். அமைச்சரவையில் அவர் சேர்ந்ததைப் பற்றியும், அக்காலத்துக் குடியுரிமைச் சட்டங்களைப் பற்றியும் தமிழரிடையே கடுமையான கருத்து வேறுபாடு எழுந்தது. அதன் வடு நெடுநாள் நின்றது. ஆனால் மூன்று ஆலைகள் அவர் பெயரோடு பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்டன. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை ஒன்று, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஒன்று, வாழைச்சேனைக் காகித ஆலை மற்றொன்று. அவர் பதவி நீங்கிய பின்னர் கைத்தொழில் அமைச்சைப் பொறுப்பேற்றவர் சேர் கந்தையா வைத்தியநாதன். 1955 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் அரச கூட்டுத்தாபனங்களுக்கு வழிவகுத்தது. 1957 ஆம் ஆண்டின் 49 ஆம் இலக்கக் கைத்தொழிற் கூட்டுத்தாபனச் சட்டம் அவ்வழியை விரிவாக்கியது.

இம்மூன்றிலே பரந்தனையும் வாழைச்சேனையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வன்னியின் வடவாசலிலே உள்ள பரந்தன் ஆலை, ஆனையிறவு உப்பளத்து உப்பை மூலப்பொருளாகக் கொண்டது. உப்புநீரிலே மின்சாரத்தைப் பாய்ச்சினால் எரிசோடாவும் குளோரீனும் பிரியும். எரிசோடா, வைக்கோலை அவிக்க வேண்டிய காரம். குளோரீன், அவித்த கூழை வெளுக்க வேண்டிய மருந்து. ஆனையிறவில் வெயில் காய்ச்சும் உப்பு, பரந்தனிலே காரமாகி, வாழைச்சேனையிலே வைக்கோலோடு கலந்து, பாடசாலைப் பிள்ளையின் கொப்பித்தாளாக வரக்கூடிய ஒரு சங்கிலி இது. வெயில், கடல்நீர், வயல்தாள் ஆகிய மூன்றும் நமக்கு இலவசமாகக் கிடைப்பவை. திட்டம் வகுத்தோரின் தொலைநோக்கை இவ்விடத்திலே பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

ஆலைக்கு முதலில் எண்ணிய மூலப்பொருள் இலுக்குப் புல்லும் வைக்கோலும். சேனைக்காகக் காடழித்துக் கைவிட்ட நிலத்திலே தானே முளைத்துப் படரும் கூரிய புல் இலுக்கு. கிழக்கிலும் வன்னியிலும் வீட்டுக்கூரை வேயப் பயன்பட்டது. காட்டிலாகாவுக்கு அது பகை. ஏனெனில் கோடையிலே ஒரு பொறி பட்டால் மைற்கணக்காக எரிந்து இளங்கன்றுகளை அழிக்கும். அந்தப் பகையை வெட்டிக் காகிதமாக்குவது நல்ல எண்ணந்தான். ஆனால் பரந்து கிடக்கும் காட்டு வெளிகளிலே ஆள்வைத்து அறுத்துச் சேர்ப்பது எளிதன்று. நாளடைவிலே வைக்கோலே முதன்மை பெற்றது. மட்டக்களப்பு மாவட்டத்து வயல்களும், குடியேற்றத் திட்டங்களால் விரிந்த பொலனறுவை வயல்களும் அண்மையில் இருந்தன. 1928 இல் மட்டக்களப்புக்குத் திறக்கப்பட்ட புகையிரதப் பாதையும் வாழைச்சேனை வழியே சென்றது. இடத்தெரிவு பிழையன்று.

இத்தகைய ஆலைக்குத் தலைவராக வருபவரின் மேசையிலே வந்து விழும் இடர்கள் எவை என்று எண்ணிப்பார்க்க வேண்டும். அவர் வங்கித் தலைவரைப் போன்றவரும் அல்லர்; தேயிலைத் தோட்டத்துத் துரையைப் போன்றவரும் அல்லர். ஒரு தொன் வெளுத்த காகிதக் கூழுக்கு ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று தொன் வைக்கோல் வேண்டும். வைக்கோலோ பஞ்சைப் போல இடத்தை அடைக்கும் பண்டம். பார வண்டி நிறைந்திருக்கும். நிறுத்துப் பார்த்தால் பாரமிராது. ஆகவே தூரத்து வைக்கோலுக்கு வண்டிக்கூலி, வைக்கோல் விலையை விழுங்கிவிடும். ஒட்டுசுட்டான் பக்கத்து வயல்களிலே, முத்தையன்கட்டுக் குளத்து நீரால் விளைந்த நெல்லின் வைக்கோல் வாழைச்சேனைக்குப் பயன்படாமற் போனதற்குக் காரணம் இதுவே. நம் உழவரின் மெத்தனமன்று.

அடுத்தது காலம். நெல் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை அறுக்கப்படும். ஆலை ஆண்டு முழுதும் ஓட வேண்டும். காலபோக அறுவடையின் சில வாரங்களிலே வாங்கிய வைக்கோலை மாதக்கணக்காகப் போரடுக்கிக் காக்க வேண்டும். மழை நனைத்தால் அழுகும். காய்ந்தால் ஒரு பீடித்துண்டு போதும். சூடு அடுக்கும் கலையைக் கைவந்தவராகக் கொண்ட நம் கமக்காரருக்கு இது விளங்கும். வயலின் ஓரத்திலே ஒரு சூட்டைக் காப்பதற்கே இரவெல்லாம் விழித்திருப்பவர்கள், ஆயிரக்கணக்கான தொன்னைக் காப்பதன் தொல்லையை அறிவர்.

மூன்றாவது இடர் கண்ணுக்குத் தெரியாதது. நெல்வைக்கோலிலே மணற்சத்து மிகுதி. பத்துக்கு ஒரு பங்கும் அதற்கு மேலும் அது இருக்கும். மரத்திலே அது இல்லையென்றே சொல்லலாம். வைக்கோலைக் காரநீரில் அவித்த பின் எஞ்சும் கறுப்புச் சாற்றை மேனாட்டு மரக்கூழ் ஆலைகள் காய்ச்சி எரித்துக் காரத்தை மீளவும் எடுத்துக்கொள்கின்றன. அந்த எரிப்பிலே நீராவியும் கிடைக்கிறது. வைக்கோற் சாற்றிலுள்ள மணற்சத்தோ கொப்பரைகளிலும் குழாய்களிலும் கல்லைப் போலப் படிந்துவிடும். ஆகவே காரத்தை மீட்பது கடினம். மீட்காவிடில் இரட்டை நட்டம்: காரத்துக்குப் பணம் மீண்டும் மீண்டும் செலவாகும், கறுப்புச் சாறு வாவியிலும் ஆற்றிலும் கலந்து மீனைக் கெடுக்கும். வாழைச்சேனை வாவியை நம்பிய மீனவர்க்கு இது வெறும் இரசாயனப் பாடமன்று. சீன அரசு 1996 தொடக்கம் சிறிய வைக்கோற் காகித ஆலைகளை ஆயிரக்கணக்கில் மூடுவித்ததற்கும் காரணம் இந்தக் கறுப்புச் சாறே.

இன்னுமொன்று. வைக்கோல் நார் குறுகியது. ஒரு மில்லிமீற்றரைச் சற்றே தாண்டும். தனியே வார்த்தால் தாள் மொறுமொறுப்பாக இருக்கும், எளிதிற் கிழியும். ஆகவே பிறநாட்டிலிருந்து வரவழைத்த நெடுநார் மரக்கூழைக் கலக்க வேண்டும். அதற்கு அந்நியச் செலாவணி வேண்டும். செலாவணிக்குத் திறைசேரியின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதலுக்காகத் தலைவர் கொழும்புக்கும், வைக்கோலுக்காக வயலுக்கும், தொழிலாளர் குறைக்காக ஆலை வாயிலுக்கும் நடக்க வேண்டும். இவற்றின் மேல், கூட்டுத்தாபனத் தலைவர் பதவி அமைச்சரின் நியமனம். ஆட்சி மாறினால் நாற்காலியும் மாறும். பத்தாண்டு நோக்கோடு செய்ய வேண்டிய பணியை, அடுத்த தேர்தல் வரை என்ற கணக்கோடு செய்ய வைத்த அமைப்பு அது. என் கருத்தில், மணற்சத்தை விடவும் நம் அரச ஆலைகளின் குழாய்களை அடைத்தது இந்த ஏற்பாடே.

கே. சி. தங்கராஜா இந்த நாற்காலியிலே இருந்தவர். அவர் நோக்கை அறிவதற்கு ஆலையின் கணக்கேட்டை விட, அவர் கைவைத்த மற்றத் தொழில் நல்ல சான்று. அவரும் அவருடைய சகோதரர் கே. சி. சண்முகரத்தினமும் சேர்ந்து யாழ்ப்பாணத்திலே ஈழநாடு பத்திரிகையை நிறுவினர். 1959 இல் தொடங்கிய அப்பத்திரிகை 1961 இல் நாளிதழாயிற்று. வீரகேசரி 1930 இலும் தினகரன் 1932 இலும் கொழும்பிலே தோன்றியவை. வடபகுதி மக்கள் தம் ஊர்ச் செய்தியையே கொழும்பு சென்று அச்சாகி இரவுப் புகையிரதத்தில் திரும்பி வந்த தாளிலே படித்துவந்தனர். தலைநகருக்கு வெளியே ஒரு தமிழ் நாளிதழ் வேரூன்ற முடியும் என்று நம்பியவர் அன்று மிகச் சிலர். விளம்பரம் தரும் கம்பெனிகள் கொழும்பில். அச்சியந்திரம், மை, தாள் யாவும் துறைமுகம் வழியே. வாசகர் தொகையோ சிறிது. கே. பி. ஹரன் நெடுங்காலம் ஆசிரியராக இருந்து அப்பத்திரிகையை வளர்த்தார். ஈழத்து எழுத்தாளர் பலருக்கு அதன் வாரமலர் முதற் களமாயிற்று.

நிலையத்தை மையத்திலே குவிக்காமல், பொருள் கிடைக்கும் இடத்திலும் பயன்படும் இடத்திலும் அமைக்க வேண்டும் என்பதே வாழைச்சேனைக்கும் ஈழநாட்டுக்கும் பொதுவான எண்ணம். வைக்கோல் இருக்குமிடத்தில் காகித ஆலை. வாசகன் இருக்குமிடத்தில் பத்திரிகை. இன்று இது யாவரும் சொல்லும் கருத்து. அன்று முதலிட்டுச் செய்வதற்குத் துணிவு வேண்டியிருந்தது. செய்திப் பத்திரிகைக்குரிய மலிவான தாள் அரைத்த மரக்கூழாற் செய்வது. வாழைச்சேனை முதன்மையாக எழுதவும் அச்சிடவும் உரிய தாளைச் செய்தது. ஆகவே தம் ஆலைத் தாளிலே தம் பத்திரிகையை அடித்தார் என்று கதைகட்ட வேண்டியதில்லை. கதையில்லாமலே அவர் பணி நிற்கும்.

1970 தொடக்கம் 1977 வரையான ஆட்சிக் காலத்தில் இறக்குமதி இறுக்கப்பட்டபோது உள்நாட்டுக் காகிதத்துக்குத் தேவை பெருகியது. அப்பத்தாண்டின் பிற்பகுதியிலே தெற்கே எம்பிலிப்பிட்டியாவில் இரண்டாவது ஆலை எழுந்தது. அதற்கும் வைக்கோலே மூலப்பொருள். கூட்டுத்தாபனமும் தேசியக் கடதாசிக் கூட்டுத்தாபனம் எனப் பெயர் மாறியது. ஆனால் 1977 இன் பின் திறந்த பொருளாதாரம் வந்தது. வெண்மையும் வழவழப்பும் உடைய பிறநாட்டுத் தாள், உள்நாட்டு வைக்கோற் றாளை அங்காடியிலிருந்து ஒதுக்கத் தொடங்கியது.

அதன் பின் நடந்தவை நேயர்கள் அறிந்தவை. விரித்துரைக்க நா எழவில்லை. 1981 மே மாத இறுதியிலும் யூன் தொடக்கத்திலும் யாழ்ப்பாணம் எரிந்தபோது, பொது நூலகத்திலே ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அதே நாட்களிலேதான் ஈழநாடு அலுவலகமும் அச்சியந்திரங்களும் தீக்கிரையாயின. இருபதாண்டுக்கு மேலாக ஒரு குடும்பமும் தொழிலாளரும் கட்டி எழுப்பியது ஓரிரவில் முடிந்தது. ஆயினும் பத்திரிகை மீண்டும் அச்சேறியது என்பதையும் சொல்ல வேண்டும்.

போர் முற்றியபோது பரந்தன் ஆலை நின்றது. காங்கேசன்துறை ஆலை 1990 இல் நின்றது. வாழைச்சேனை ஆலையும் சுற்றுப்புறத்துக் கலவரங்களாலும் இடப்பெயர்வுகளாலும் நலிந்தது. ஒட்டுசுட்டானில் களிமண்ணை நம்பி எழுந்த ஓட்டுத் தொழிற்சாலைக்கும் இதே கதி. 1990களிலே வடபகுதிக்குப் பொருட்டடை இருந்த காலத்தில், யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் பாடசாலைக் கொப்பிக்குரிய கோடிட்ட தாளிலும் அச்சாகி வந்தன. கோடுகளுக்கு மேலே தலைப்பும், கோடுகளுக்கு இடையே செய்தியுமாக அவை வந்ததை என் தலைமுறையினர் மறக்கமாட்டார். வன்னிப் பாடசாலைகளில் ஆசிரியர்கள் பயன்படுத்திய தாளின் பின்புறத்திலே பரீட்சை வினாக்களைக் கையால் எழுதினர். பிள்ளைகள் கொப்பியின் ஓரங்களையும் விடாது எழுதினர். ஒரு தாளின் விலை அது கிடைக்காத நாளிலேதான் தெரிகிறது.

வைக்கோல் போன்ற வயற்கழிவிலிருந்து காகிதம் செய்வது அடியோடு இயலாத காரியமா என்று கேட்கலாம். தமிழ்நாட்டரசு 1979 இல் தொடங்கிய காகித நிறுவனம் இதற்கு விடை தருகிறது. கரூருக்கு அண்மையில் புகளூரிலே அமைந்த அவ்வாலை, கரும்புச் சக்கையை மூலப்பொருளாகக் கொண்டு 1980களின் நடுப்பகுதி தொடக்கம் காகிதம் செய்துவருகிறது. சக்கைக்கும் வைக்கோலுக்கும் வேறுபாடு என்ன? கரும்பு, சாறு பிழிவதற்காகத் தானே ஆலைக்கு வருகிறது. சக்கை ஓரிடத்திலே மலைபோலக் குவிகிறது. அதைச் சேர்க்கும் கூலி ஏற்கெனவே சீனிக்காரன் கணக்கிலே எழுதப்பட்டுவிட்டது. சீனி ஆலைகள் சக்கையைத் தம் கொதிகலத்தில் எரித்துவந்தன. காகித நிறுவனம் அவற்றின் கொதிகலத்துக்கு வேறு எரிபொருள் தந்து, மாற்றாகச் சக்கையைப் பெற்றுக்கொண்டது. இயந்திரத்தை விடவும் இந்த ஒப்பந்தமே அவ்வாலையை நிலைநிறுத்தியது எனலாம். நம் வைக்கோலோ ஆயிரம் வயல்களிலே, ஆயிரம் உழவர் கையிலே சிதறிக் கிடக்கிறது. கை அறுவடையும் சூடுமிதித்தலும் இருந்த நாளிலாவது களத்திலே போராகக் கிடந்தது. இப்போது அறுவடை இயந்திரம் வயல் முழுதும் அதை இறைத்துவிட்டுப் போகிறது. கூட்டிச் சேர்ப்பதற்குக் கூலி கட்டாது என்று உழவர் தீ வைக்கின்றனர். காலபோக அறுவடை முடிந்த மாலைகளில் வன்னி வயல்களில் எழும் புகைக்குப் பொருள் இது.

2022 மார்ச்சிலே நாடு அந்நியச் செலாவணி இல்லாது தவித்தபோது, மேல்மாகாணத்துப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சை, தாளும் மையும் கிடையாமையால் ஒத்திவைக்கப்பட்டது. அதே மாதத்தில் கொழும்பு நாளிதழ்கள் இரண்டு, தாளில்லாது அச்சுப் பதிப்பை நிறுத்தின. தலைநகரத்துப் பிள்ளைகளுக்கும் அன்றுதான் கோடிட்ட தாளிலே செய்தி வந்த கதை சற்று விளங்கியிருக்கும். வாழைச்சேனை ஆலை அதற்கு முன்னரே வைக்கோலைக் கைவிட்டுக் கழிவுக் காகிதத்தை அரைத்துத் தாள் செய்யும் நிலைக்கு வந்திருந்தது; பல ஆண்டு அடைபட்டுக் கிடந்ததும் உண்டு, மீண்டும் சிறிது ஓடியதும் உண்டு. பயன்படுத்திய தாளை மீண்டும் கூழாக்கும் அம்முறைக்கு அவிக்கும் காரம் மிகுதியாக வேண்டுவதில்லை. கறுப்புச் சாறும் வாவியிற் கலப்பதில்லை. அரச அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் கட்டுக்கட்டாகக் கிடக்கும் பழைய தாளை, சந்தையிலே கடலை சுற்றக் கொடுக்காமல் ஆலைக்குச் சேர்க்கும் ஏற்பாட்டை ஒழுங்காக நடத்தினால், அவ்வாலைக்கு மூலப்பொருள் முட்டாது.